பத்துக் குப்பியா, இருபது குப்பியா: ஆஸ்பத்திரிக் கணினியிடம் எப்படிக் கேட்பது?

பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்கும் காலம் வந்தால், சருகுக்குள் கைவிட்டவர்களைப் பாம்பு கடித்த செய்தியும் கூடவே வரும். கடிபட்டவரைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தாலுகா ஆஸ்பத்திரிக்கோ தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே கொஞ்சம் ரத்தத்தை எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். ரத்தம் உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே விஷமுறிவு மருந்து ஏறும். முதல் தவணை பொதுவாக 8 முதல் 10 குப்பி. 6 மணி நேரம் கழித்து மறுபடி அதே சோதனை. அப்போதும் உறையாவிட்டால் மறுபடி மருந்து. நிலைமை மோசமானால் கடலூர் ஜி.ஹெச்., அதையும் தாண்டினால் புதுச்சேரி ஜிப்மர்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்த ஒரே மருந்துதான் அந்தக் குப்பியில் இருக்கிறது. அதற்கான விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பவர்கள் வேறெங்கும் இல்லை, நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர். இவ்வளவு பேர் சாகிற ஒரு விஷயத்தில், மருந்தின் சரியான அளவு எது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது?

சரி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பத்து வருஷத்துப் பாம்புக்கடிப் பதிவுகள் எல்லாம் கணினியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 10 குப்பியோடு முடித்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள், 20 குப்பி வரை போனவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று இரண்டு வரிசை போட்டு எண்ணிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். இது நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட கணக்குதான், யாரும் நடத்திய ஆய்வு இல்லை. ஆனால் இப்படி எண்ணினால் எந்தப் பக்கமெல்லாம் சறுக்கும் என்பதைப் பார்த்துவிட்டால், மின்னணு மருத்துவப் பதிவுகளை வைத்துச் சிகிச்சையின் பலனை அளக்கும் துறை எதோடு போராடுகிறது என்பது முக்கால்வாசி விளங்கிவிடும்.

முதல் சறுக்கல் எளிதில் கண்ணில் படும். 20 குப்பி யாருக்குப் போடுவார்கள்? ரத்தம் உறையாமலே இருப்பவருக்கு, ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் கசிபவருக்கு, சிறுநீரகம் படுக்கத் தொடங்கியவருக்கு. அவர்களில் இறப்பு அதிகமாக இருந்தால் அந்தப் பழியை மருந்தின் மேல் போடலாமா? தீயணைப்பு வண்டி நிறைய வந்த தெருவில்தான் வீடுகள் நிறைய எரிந்திருக்கும். நோயின் கடுமை மருந்தின் அளவையும் கூட்டுகிறது, சாவையும் கூட்டுகிறது. பார்ப்பவருக்கு மருந்துக்கும் சாவுக்கும் நேரடி உறவு இருப்பதுபோலத் தெரிகிறது.

இரண்டாவது சறுக்கல் நேர் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இதைத்தான் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 20 குப்பி வாங்க வேண்டுமானால் ஒருவர் குறைந்தது அந்த ஆறு மணி நேரச் சோதனை வரை உயிரோடு இருந்திருக்க வேண்டும். மூன்றாவது மணியிலேயே போய்ச் சேர்ந்தவருக்கு இரண்டாவது தவணையே கிடையாது. அவர் தானாகவே ‘10 குப்பி’ வரிசையில் விழுந்துவிடுகிறார். ‘20 குப்பி’ வரிசையில் இருப்பவர்களுக்கோ முதல் ஆறு மணி நேரம் சாகாவரம் கிடைத்த நேரம்; கணக்குப்படி அந்த நேரத்தில் அவர்கள் சாகவே முடியாது. ஆக ஒரு பிழை கூடுதல் மருந்தைக் கெட்டதாகக் காட்டுகிறது, இன்னொன்று நல்லதாகக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்து ஏதோ ஓர் எண்ணைத் தருகின்றன. அந்த எண்ணில் எத்தனை பங்கு மருந்து, எத்தனை பங்கு கடுமை, எத்தனை பங்கு கடிகாரம் என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. பத்தாயிரம் பேரின் பதிவு இருந்தாலும் இதுதான் நிலைமை. பதிவுகள் கூடக் கூட எண்ணின் தசமங்கள் துல்லியமாகும், பிழை அப்படியே இருக்கும்.

இதற்கு மருத்துவ உலகம் நம்பும் மருந்து குலுக்கல். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை டாக்டரோ நோயாளியோ முடிவு செய்யாமல் சீட்டு முடிவு செய்தால், கடுமையானவர்களும் லேசானவர்களும், வசதி உள்ளவர்களும் இல்லாதவர்களும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடுவார்கள். நமக்குத் தெரியாத வேறுபாடுகளும் அப்படியே பிரிந்துவிடும் என்பதுதான் இதன் பெருமை. இதன் மிக அழகான உதாரணங்களில் ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்தில் படுக்க வைத்தார்கள், மீதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு, இடமும் நெருக்கடி. ஆனாலும் 1959-இல் முடிவு வெளியானபோது குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடப்பட்டன. இதே கேள்வியை அந்தக் காலத்துப் பதிவேடுகளிடம் கேட்டிருந்தால், சானடோரியத்தில் படுக்கை கிடைத்தவர் யார், கிடைக்காதவர் யார் என்ற வேறுபாடே பதிலை முழுங்கியிருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் குலுக்கல் போட்டுவிடலாமே என்றால், முடியாது. பல வருஷம் ஆகும், பணம் ஆகும். அப்புறம், சோதனைகளில் பெரும்பாலும் சேர்க்கப்படாதவர்கள்தான் நம் வார்டுகளில் நிறைந்திருக்கிறார்கள்: கர்ப்பிணிகள், எண்பது வயதுக்காரர்கள், சுகரும் பிரஷரும் சிறுநீரகக் கோளாறும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். சில கேள்விகளுக்குக் குலுக்கல் போடுவதே தர்மம் ஆகாது. அதனால் பதிவுகளிடம் போகத்தான் வேண்டியிருக்கிறது. போகும் முறைதான் முக்கியம்.

போகத் தெரியாமல் போனதற்கு உலகம் அறிந்த உதாரணம், மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுத்த ஹார்மோன் சிகிச்சை. அமெரிக்காவில் செவிலியர்களை 1976 முதல் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு உட்படப் பல ஆய்வுகள், ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டின. அதை நம்பி லட்சக்கணக்கானோருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிறகு 16,608 பெண்களைக் குலுக்கலில் பிரித்து நடத்திய சோதனை 2002-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை, கூடியிருந்தது. மார்பகப் புற்றுநோயும் கூடியிருந்தது.

செவிலியர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. 2008-இல் மிகேல் எர்னான், ஜேம்ஸ் ராபின்ஸ் முதலான ஆய்வாளர்கள் அதே செவிலியர் தரவை எடுத்து, ஒரே ஒரு விஷயத்தைக் கறாராகக் கடைப்பிடித்து மறுபடி கணக்குப் போட்டார்கள். ‘இப்போது ஹார்மோன் எடுத்துக்கொண்டிருப்பவர்’ என்று எண்ணாமல், ‘இன்று புதிதாகத் தொடங்குகிறவர்’ என்று ஒவ்வொருவரையும் தொடக்க நாளிலிருந்து பின்தொடர்ந்தார்கள். குலுக்கல் சோதனைக்கும் செவிலியர் ஆய்வுக்கும் இருந்த முரண்பாட்டில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. ஏனென்றால் ஹார்மோனின் மாரடைப்பு ஆபத்து தொடங்கிய ஆரம்பக் காலத்தில்தான் அதிகம். பழைய கணக்கு எடுத்துக்கொண்டது அந்தக் காலத்தைத் தாண்டிப் பிழைத்து, மருந்தைத் தொடர்ந்துகொண்டிருந்தவர்களை. நம் பாம்புக்கடிக் கணக்கில் வந்த அதே கடிகாரப் பிழைதான் இங்கே வேறு உருவத்தில் வந்திருக்கிறது.

எர்னானும் ராபின்ஸும் 2016-இல் இதை ஒரு முறையாகவே எழுதி வைத்தார்கள். பதிவுகளைத் திறப்பதற்கு முன்னால், கையில் எல்லா வசதியும் இருந்தால் என்ன குலுக்கல் சோதனை நடத்தியிருப்போம் என்று முழுதாக எழுது என்கிறார்கள். யாரைச் சேர்ப்போம், எந்தச் சிகிச்சையை எதோடு ஒப்பிடுவோம், கடிகாரத்தை எந்த நிமிடத்தில் ஓட விடுவோம், எதுவரை பார்ப்போம், எதை எண்ணுவோம். இதை இலக்குச் சோதனை என்று சொல்லலாம். அதன் பிறகு பதிவுகளைத் திறந்து, அந்தச் சோதனையைப் போலவே செய்து பார்க்க வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால், ‘20 குப்பி வாங்கியவர்கள்’ என்ற ஒரு குழுவை எந்தச் சோதனையிலும் சேர்க்கவே முடியாது என்பது உடனே புரிந்துவிடும். நோயாளி வாசலில் வரும் நிமிடத்தில் அவர் எத்தனை குப்பி வாங்கப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. சோதனையில் ஒப்பிடக்கூடியது விதிகளை மட்டும்தான்: ‘ஆறு மணி நேரத்தில் உறையாவிட்டால் 5 குப்பி போடு’ என்ற விதிக்கு எதிராக ‘உறையாவிட்டால் 10 குப்பி போடு’ என்ற விதி.

இப்படிக் கேட்டால் பதிவுகளில் அதற்கு விடை தேடும் வழியும் இருக்கிறது. ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு பிரதி எடுத்துக்கொள்வார்கள். ஒரு பிரதி ஐந்து குப்பி அணியில், இன்னொன்று பத்துக் குப்பி அணியில். சேர்ந்த நிமிடத்திலிருந்து இரண்டும் ஒன்றாக நகர்கின்றன. மூன்றாவது மணியில் நோயாளி இறந்துவிட்டால் அந்தச் சாவு இரண்டு அணியின் கணக்கிலும் ஏறும். யாருக்கும் சாகாவரம் இல்லை. ஆறாவது மணியில் உறையாமல் இருந்து டாக்டர் 5 போட்டார் என்றால், பத்துக் குப்பி அணியில் இருந்த பிரதி அந்த இடத்தோடு விலக்கப்படும். அப்படி விலக்கும்போது அந்த அணியில் மீந்திருப்பவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார்கள் அல்லவா? அதற்காக, விலக்கப்பட்டவரைப் போன்றே வயதும் ரத்த அழுத்தமும் சிறுநீரக நிலையும் கொண்டு அணியில் நீடிப்பவருக்குக் கூடுதல் எடை கொடுத்து ஈடுகட்டுவார்கள். இந்த எடை போடும் வேலை, பதிவில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும்தான் நம்பியிருக்கிறது. டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்த்து ‘இவர் தாங்க மாட்டார்’ என்று நினைத்ததை எந்தக் கட்டத்திலும் எழுதாவிட்டால் எந்தக் கணிதமும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

எழுதாதது மட்டுமில்லை, எழுதியதிலும் ஒரு விசித்திரம் உண்டு. பாஸ்டனில் இரண்டு ஆஸ்பத்திரிகளின் பதிவுகளை வைத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தப் பரிசோதனைகளின் முடிவைவிட, அந்தப் பரிசோதனையை எந்த நேரத்தில் எழுதினார்கள் என்பதே நோயாளி மூன்று வருஷம் பிழைப்பாரா என்பதை நன்றாகக் காட்டியது. ஒப்பிட்ட 174 பரிசோதனைகளில் 118-இல் இப்படி. யோசித்தால் நியாயம்தான். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்கிறார் என்றால் அவர் பயந்திருக்கிறார். பதிவு என்பது நோயாளியின் உடம்பைப் பற்றி மட்டும் பேசுவதில்லை, அவரைப் பார்த்துக்கொண்டவர்களின் மனதைப் பற்றியும் பேசுகிறது. அதை ஆய்வாளர் உடம்பின் அளவாக மட்டும் வாசித்தால் ஏமாந்துபோவார்.

மாத்திரை விஷயத்தில் இதே மாதிரி இன்னொன்று. அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களிடம் நடத்திய ஒரு பெரிய மருந்துச் சோதனையின் முடிவை 1980-இல் பிரித்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்து வருஷத்தில் இறந்தவர்கள் 15.1 சதவீதம். அதே வெறும் மாத்திரையை ஒழுங்கில்லாமல் சாப்பிட்டவர்களில் 28.2 சதவீதம். வெறும் மாத்திரைக்கு உயிர் காக்கும் சக்தி கிடையாது. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர் வேறு பலவற்றிலும் ஒழுங்காக இருப்பார், அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கும், கையில் கொஞ்சம் பணமும் இருக்கும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை கொடுத்த தேதி பதிவாகும். விழுங்கியது பதிவாகாது. ‘தவறாமல் வாங்கியவர்கள் நன்றாக இருக்கிறார்கள்’ என்று நாளைக்கு யாராவது அந்தப் பதிவுகளை வைத்துக் கணக்குக் காட்டினால், முதலில் இந்த 15-ஐயும் 28-ஐயும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நன்றாகச் செய்ததற்கும் உதாரணம் சொல்கிறேன். கொரோனா தடுப்பூசி வந்த புதிதில் இஸ்ரேலின் கிளாலித் சுகாதார அமைப்பு தன் பதிவுகளிலிருந்து ஊசி போட்ட 5,96,618 பேரை எடுத்து, ஒவ்வொருவருக்கும் அன்றைக்கு ஊசி போடாத ஒரு ஜோடியைத் தேடியது. வயது, பாலினம், வசிக்கும் பகுதி, முன்பு ஃப்ளூ ஊசி போட்ட பழக்கம், இருக்கும் நோய்கள் எல்லாம் பொருந்த வேண்டும். ஜோடி சேர்ந்த நாளிலேயே இருவருக்கும் கடிகாரம் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் வெளியான அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் சுயசோதனை. ஊசி போட்ட முதல் பன்னிரண்டு நாளில் பலன் ஒன்றும் இருக்க வாய்ப்பில்லை. அந்த நாட்களிலேயே ஊசி போட்டவர்கள் நன்றாக இருப்பதாகத் தெரிந்தால், இரண்டு குழுக்களும் ஆரம்பத்திலேயே வேறு வேறு என்று அர்த்தம். அங்கே வரைபடத்தில் இரண்டு குழுக்களின் கோடுகளும் ஒட்டியே போயின. அதற்குப் பிறகுதான் பிரிந்தன. இரண்டாவது தவணை முடிந்து ஒரு வாரத்துக்குப் பின் அறிகுறியுள்ள நோயைத் தடுத்ததில் கிடைத்த 94 சதவீதம், குலுக்கல் சோதனையில் வந்த எண்ணை ஒட்டியே இருந்தது.

அதற்கு முந்திய வருஷம் நடந்தது இதற்கு நேர் எதிர். 2020 மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில், 671 ஆஸ்பத்திரிகளின் 96,032 நோயாளிகளின் பதிவுகளை வைத்து, கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்தால் சாவு கூடும் என்று ஒரு கட்டுரை வந்தது. பல நாடுகளில் நடந்துகொண்டிருந்த சோதனைகள் அதனால் தடைபட்டன. மூலப் பதிவுகளைக் காட்டுங்கள் என்று கேட்டபோது தரவு வைத்திருந்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் காட்டவில்லை. ஜூன் 4-ஆம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த மருந்தால் பலன் இல்லை என்று கடைசியில் உறுதி செய்தது பிரிட்டனில் நடந்த குலுக்கல் சோதனை. அதே சோதனைதான் விலை மலிவான டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கும் என்பதையும் கண்டுபிடித்தது. எத்தனை ஆயிரம் பேர் என்ற எண்ணைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால், அந்தப் பதிவுகளை வேறு யாராவது திறந்து பார்க்க முடியுமா என்று கேட்பதை நான் அன்றிலிருந்து பழகிக்கொண்டேன்.

பொதுவாகப் பதிவுகளை எவ்வளவு நம்பலாம்? ஏற்கெனவே குலுக்கல் போட்டு முடிவு தெரிந்த 32 சோதனைகளை, காப்பீட்டுப் பதிவுகளை மட்டும் வைத்து மறுபடி செய்து பார்த்தது 2023-இல் வெளியான ஒரு பெரும் முயற்சி. சோதனையின் வடிவத்தைப் பதிவுகளில் நெருக்கமாகப் பின்பற்ற முடிந்த இடங்களில் விடைகள் மிக நன்றாக ஒத்துப்போயின. நெருக்கமாகப் பின்பற்ற முடியாத இடங்களில் ஒற்றுமை தளர்ந்தது. ஆகவே கேள்வியைப் பொறுத்துத்தான் நம்பிக்கை. ஒரே நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் இரண்டு மாத்திரைகளை ஒப்பிடுவது பதிவுகளுக்குக் கைவந்த வேலை. ஒரு மருந்தை எடுத்துக்கொண்டவர்களையும் எடுத்துக்கொள்ளாதவர்களையும் ஒப்பிடுவது எப்போதும் ஆபத்தான வேலை.

இனி நம் ஊர்ச் சிக்கலுக்கு வருகிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சம். முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு, வேறு சுகாதாரத் துறை, வேறு பதிவு. ஆனால் நோயாளி ஒருவர்தான். பாம்பு கடித்த இடம் பண்ருட்டி, முதல் ஊசி தாலுகா ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில். தாலுகா ஆஸ்பத்திரியிலேயே குணமானவர் ஜிப்மர் கணக்கில் வரமாட்டார். வழியிலேயே ஆம்புலன்ஸில் இறந்தவரும் வரமாட்டார். இடையில் இருப்பவர்கள் மட்டும் சல்லடையில் தேறி வருகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் பதிவை மட்டும் வைத்து ‘முதல் ஊசி சீக்கிரம் போட்டால் பலன் உண்டா’ என்று கேட்டால், சீக்கிரம் போட்டும் மோசமானவர்கள்தான் அங்கே வந்திருப்பார்கள். சீக்கிரம் போட்டதே பலனில்லாததுபோலத் தோன்றும். இது உயிரோடு விளையாடும் தவறு. விஷமுறிவு மருந்து எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

என் அப்பாவுக்குப் பல வருஷமாகச் சுகர். மாத்திரை கடலூரில், கண் பரிசோதனை புதுச்சேரியில், நெஞ்சு வலித்தபோது இன்னொரு ஊரில். எல்லாச் சீட்டும் சேர்ந்திருக்கும் ஒரே இடம் அவருடைய மஞ்சள் பை. ஒருமுறை அவசரத்தில் பையை எடுக்காமல் போய்விட்டோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வழக்கமான மருந்து எதுவும் இல்லை’ என்று ஏறிவிட்டது. தெரியவில்லை என்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று இருக்கிறது. மருந்து எடுக்காதவர் என்று நாளைக்கு ஓர் ஆய்வாளர் அவரை எதிர் அணியில் வைப்பார். அப்பா வாழ்நாளில் ஒரு வேளை மாத்திரையை விட்டதில்லை.

புதுச்சேரி 2020 ஆகஸ்டிலேயே தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தின் முன்னோட்டம் தொடங்கிய ஆறு யூனியன் பிரதேசங்களில் ஒன்று. இப்போது நாடு முழுவதும் ஆபா என்ற 14 இலக்கச் சுகாதார அடையாள எண் தருகிறார்கள். எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே ஆளை ஒரே ஆள் என்று அடையாளம் காண அது உதவும் என்று நான் மனதார நம்புகிறேன். இன்றைக்குப் பெயரை வைத்துத் தேடினால் இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே செல்விக்கு மூன்று எழுத்துக்கூட்டல். வயது கேட்டால் ‘அம்பது இருக்கும்’. எண் இருந்தாலும் சம்மதம் கேட்டுத்தான் பதிவுகளை இணைக்க வேண்டும், இணைத்த பிறகு பெயரை நீக்கித்தான் ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும். கிராமத்தில் ஒரே வாரத்தில் பாம்பு கடித்தவர் ஒருவர்தான் இருப்பார் என்றால், பெயரை நீக்கினாலும் அவர் யார் என்று ஊருக்கே தெரியும். அதையும் நினைவில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் 2024-இல் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றில் சேர்த்துவிட்டார்கள். நல்ல தொடக்கம். ஆனால் எண்ணிக்கை தெரிவதற்கும் மருந்தின் பலன் தெரிவதற்கும் நடுவே கேஸ் ஷீட்டின் ஒரு சில கட்டங்கள் இருக்கின்றன: கடித்த நேரம், முதல் குப்பி ஏறத் தொடங்கிய நேரம், அதற்கு முன் எங்கே என்ன போட்டார்கள், ஒவ்வொரு 20 நிமிடச் சோதனையும் உறைந்ததா இல்லையா, எந்த மணிக்கு. இவற்றில் ‘கடித்த நேரம்’ என்ற கட்டத்தில்தான் கடிகாரம் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்தை எழுதி வைத்துவிட்டால் எல்லாமே தள்ளிப்போகும். கூட வந்தவரிடம் கேட்டால் மணி சொல்ல மாட்டார். ‘மாடு கறந்துட்டு வந்த பிறகு’ என்பார், ‘நெய்வேலி பஸ் போறதுக்கு முன்ன’ என்பார். ராத்திரி டியூட்டியில் இருக்கும் செவிலியர் அதைக் கேட்டு, மாடு எத்தனை மணிக்குக் கறப்பார்கள் என்று திரும்பக் கேட்டு, ஐந்தேகால் என்று எழுதுகிறாரே, அந்த ஐந்தேகாலிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது.